திரையில் 40, அலமாரியில் பூஜ்யம்: தகவல் அமைப்புக்குப் பணம் போடுமுன்

வாசகியின் கடிதம், சுருக்கமாக

இயந்திர உதிரி பாகங்களை மொத்தமாக வாங்கித் தொழிற்சாலைகளுக்கும் பட்டறைகளுக்கும் விற்கும் குடும்ப நிறுவனம் ஒன்றின் பங்குதாரர் இவர். அப்பா தொடங்கியதை இப்போது அண்ணனும் இவரும் நடத்துகிறார்கள். 38 பேர் வேலை செய்கிறார்கள். இரண்டு குடோன்கள், சுமார் 9,000 வகைச் சரக்கு. ஆர்டர்கள் போனிலும் வாட்ஸ்அப்பிலும் வருகின்றன. கணக்குக்கு ஒரு மென்பொருள், ஸ்டாக்குக்கு எக்செல், பாக்கி வசூலுக்கு ஒரு நீள நோட்டு. இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய ஸ்டாக் மென்பொருளை இப்போது பில் அடிக்க மட்டும்தான் பயன்படுத்துகிறார்கள்.

கேட்ட சரக்கு இல்லாமல் வாடிக்கையாளர் திரும்பிப் போகிறார். அதே சமயம் யாரும் கேட்காத சரக்கு குடோனை அடைத்துக் கிடக்கிறது. ஒரு மென்பொருள் நிறுவனம், கொள்முதலிலிருந்து வசூல் வரை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இணைக்கும் பெரிய ஈஆர்பி அமைப்பை விற்க வந்திருக்கிறது. விலை, இவர்களுடைய ஒரு வருட லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஆறு மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும், ஆறு ஆட்களைக் குறைக்கலாம், மாதம் முடிவதற்குள் கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி என்கிறார்கள். அண்ணன், “30 வருஷம் இது இல்லாமல்தானே ஓட்டினோம்?” என்கிறார். குடோனைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் கம்ப்யூட்டரைத் தொடவே மாட்டேன் என்கிறார். வாசகியின் கேள்விகள்: இதனால் உண்மையில் லாபம் வருமா, இல்லை ஊரோடு ஒத்துப்போகும் செலவுதானா? கையெழுத்துப் போடலாமா? பெரியவரை என்ன செய்வது? அண்ணனை எப்படிச் சம்மதிக்க வைப்பது? பின்குறிப்பாக இன்னொன்றும் கேட்டிருக்கிறார், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: “யாராவது போன் செய்து சரக்கு இருக்கிறதா என்று கேட்டால், எக்செல்லைப் பார்க்க மாட்டோம், குடோனுக்குத்தான் போன் போடுவோம்.” அப்படியானால் உங்களிடம் ஒரு தகவல் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. அது பெரியவரின் நினைவில் இருக்கிறது, போன் மூலம் இயங்குகிறது, அவர் லீவு போட்டால் நின்றுவிடுகிறது. தகவல் அமைப்பு என்றவுடன் நாம் மென்பொருளை மட்டும் நினைத்துக்கொள்கிறோம். ஆட்கள், அவர்கள் வேலை செய்யும் முறை, எழுதி வைக்கும் இடம், கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழி எல்லாம் சேர்ந்ததுதான் அமைப்பு. மென்பொருள் அதில் ஒரு பகுதி, பெரும்பாலும் சுலபமான பகுதி.

முதலில் அவசரக் கேள்விக்குப் பதில். இந்த மாதம் கையெழுத்துப் போடாதீர்கள். தள்ளுபடி போய்விடுமே என்ற கவலை வேண்டாம். மாதக் கடைசித் தள்ளுபடி என்பது விற்பனையாளருக்கு இருக்கும் இலக்கிலிருந்து பிறப்பது, அடுத்த காலாண்டுக் கடைசியிலும் அது திரும்ப வரும்.

லாபம் எங்கிருந்து வருகிறது

மென்பொருளுக்கென்று ஒரு லாபம் கிடையாது. அது காட்டும் தகவலைப் பார்த்து யாரோ ஒருவர் நேற்றுவரை செய்ததை விட்டு வேறு மாதிரி முடிவெடுக்க வேண்டும், அல்லது ஒரு வேலையின் நடுவிலிருந்து இரண்டு படிகள் காணாமல் போக வேண்டும். இந்த இரண்டும் நடக்காவிட்டால் எவ்வளவு அழகான திரை வந்தாலும் அது செலவுதான்.

வணிகத்துக்குக் கணினியை முதன்முதலில் பயன்படுத்தியது கணினித் துறையில் இருந்த கம்பெனி அல்ல. பிரிட்டனில் தேநீர்க் கடைகளும் பேக்கரிகளும் நடத்திய லையன்ஸ் என்ற நிறுவனம், லியோ என்ற கணினியைத் தானே கட்டி 1951-ல் தன் பேக்கரிக் கணக்குக்கு ஓட்டியது. சில ஆண்டுகளில் தேநீர்க் கடைகளின் தினசரி ஆர்டரையும் அதில் ஏற்றினார்கள். ஒவ்வொரு கடைக்கும் வழக்கமாகப் போகும் ஆர்டர் உள்ளேயே இருக்கும். கடைப் பொறுப்பாளர் போனில் மாற்றத்தை மட்டும் சொன்னால் போதும், அதை அப்போதே அட்டையில் துளையிட்டுக் கணினிக்குக் கொடுப்பார்கள். இதில் கவனிக்க வேண்டியது கணினியின் வேகத்தை விட, முழு ஆர்டரையும் தினம் எழுதும் வேலையே ஒழிந்ததைத்தான். முறையை மாற்றினார்கள், கணினி அதற்குத் துணை நின்றது.

முறையை மாற்றாமல் கருவியை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. பொருளாதார நிபுணர் ராபர்ட் சோலோ 1987-ல், கணினி யுகம் எங்கும் தெரிகிறது, உற்பத்தித்திறன் புள்ளிவிவரத்தில் மட்டும் தெரியவில்லை என்று குத்தலாகச் சொன்னார். அதற்கு 1990-ல் பொருளாதார வரலாற்று ஆய்வாளர் பால் டேவிட் மின்சாரத்தின் கதையைச் சொல்லிப் பதில் கொடுத்தார். தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் வந்தபோது பலர் நீராவி எஞ்சினை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தார்கள். கூரை நெடுக ஓடிய தண்டு, அதிலிருந்து தொங்கிய பெல்ட்டுகள், அதைச் சுற்றி அமைந்த இயந்திரங்கள் எதுவும் மாறவில்லை. அதனால் லாபமும் பெரிதாக இல்லை. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மோட்டார் வைத்து, சரக்கு நகரும் வரிசைப்படி தொழிற்சாலையையே மாற்றிப் போட்ட பிறகுதான் பலன் வந்தது. அதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

உங்கள் இரண்டு வருட ஸ்டாக் மென்பொருள் அந்தப் பெரிய மோட்டார்தான். குடோனுக்குப் போன் போடும் வழக்கம் அப்படியே இருந்தது, பக்கத்தில் ஒரு திரை வந்து உட்கார்ந்தது.

அது ஏன் படுத்தது

“ஆட்கள் ஒத்துழைக்கவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் நீங்களே தந்திருக்கும் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தால் எனக்கு வேறு ஒன்று தெரிகிறது. குடோனில் சரக்கு இறங்குகிறது. பெரியவர் சீட்டில் குறிக்கிறார். சாயங்காலம் அந்தச் சீட்டுகள் அலுவலகத்துக்கு வருகின்றன. மறுநாள் ஒருவர் நேரம் கிடைக்கும்போது ஏற்றுகிறார். அதற்குள் அந்தச் சரக்கில் பாதி விற்றுப் போயிருக்கிறது, பில்லும் போட்டாயிற்று. ஆகவே திரையில் மைனஸ் 12 என்று நிற்கிறது. யாராவது ஒருவர் “சரிசெய்தல்” என்று ஒரு பதிவு போட்டு அதைப் பூஜ்யமாக்குகிறார். மறுநாள் கொள்முதல் பதிவு ஏறும்போது இல்லாத 12 வந்து உட்கார்ந்துகொள்கிறது. இப்படி மூன்று மாதம் ஓடினால் திரையை யார் நம்புவார்கள்? நம்பாதவர் பார்க்க மாட்டார், பார்க்காததை யாரும் திருத்த மாட்டார்கள்.

இதில் பெரியவருக்கு என்ன கிடைத்தது என்றும் யோசித்துப் பாருங்கள். அவர் எழுதிய சீட்டு மேலே போனது, அவருக்குத் திரும்பி எதுவும் வரவில்லை. தகவலைப் பதிகிறவருக்கே அதனால் வேலை குறையாவிட்டால், அந்தப் பதிவு நாளடைவில் பொய்யாகிவிடும். இது ஆட்களின் குணத்தைப் பற்றிய விஷயமே இல்லை.

9,000 பெயர்களுக்குள் ஒளிந்திருப்பது

நீங்கள் அனுப்பிய ஸ்டாக் பட்டியலின் இரண்டு பக்கங்களைப் பார்த்தேன். 6205 பேரிங் ஐந்து பெயர்களில் இருக்கிறது: “6205”, “பேரிங் 6205”, “6205 இசட்இசட்”, “6205-2இசட்”, “6205 2ஆர்எஸ்”. உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை, எல்லாமே 25 மில்லிமீட்டர் தண்டுக்கும் 52 மில்லிமீட்டர் வெளிவிட்டத்துக்கும் ஆனவை. முதல் இரண்டும் ஒரே சரக்காக இருக்கலாம். மூன்றாவதும் நான்காவதும் இருபுறமும் உலோக மூடி உள்ள ஒரே வகை, தயாரிப்பாளர் வைக்கும் குறியீடுதான் வேறு. ஐந்தாவது ரப்பர் சீல் போட்டது, அதுதான் நிஜமாகவே வேறு பொருள். இதைத் தெரிந்தவர் சட்டென்று பிரித்துவிடுவார். தெரியாத மென்பொருளுக்கு இவை ஐந்து சரக்குகள், ஐந்து இருப்புகள், ஐந்து மறு ஆர்டர் அளவுகள். ஒன்றில் 60 இருக்கும்போது இன்னொன்றில் “இல்லை” என்று காட்டும். நீங்கள் இன்னும் 50 வாங்குவீர்கள். குடோனை அடைத்துக் கிடப்பதில் ஒரு பகுதி இப்படி வந்ததுதான் என்பது என் கணிப்பு.

அளவுக் குழப்பமும் இருக்கிறது. வாங்கும்போது பெட்டிக் கணக்கு, விற்கும்போது எண்ணிக்கை. “10” என்று ஏறியிருப்பது பத்துப் பெட்டியா, பத்து பேரிங்கா?

இந்தப் பட்டியலை அப்படியே தூக்கி எந்த விலையுள்ள அமைப்பில் போட்டாலும் குழப்பம் இன்னும் வேகமாக நடக்கும், அவ்வளவுதான். புதிய மென்பொருள் வந்தால் பட்டியல் தானாகச் சரியாகிவிடும் என்ற உங்கள் எண்ணத்தை மாற்றிக்கொள்ளுங்கள். அதைச் சரிசெய்யக் கூடியவர் உங்கள் நிறுவனத்தில் ஒரே ஒருவர்தான், நீங்கள் தடையாக நினைக்கும் அதே பெரியவர்.

தவறான ஸ்டாக், ஸ்டாக்கே தெரியாததை விட மோசம்

ஈஆர்பி வந்தால் கொள்முதல் தானாக நடக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். நடக்கும்தான். கணக்கு எளிது. ஒரு சரக்கு தினம் 8 விற்கிறது, ஆர்டர் போட்டு வர 15 நாள் ஆகிறது, எதற்கும் கையிருப்பாக 40 வேண்டும் என்றால், இருப்பு 160-க்கு இறங்கும்போது ஆர்டர் போட வேண்டும். 9,000 வகைக்கும் இதை மனிதர் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது, இயந்திரம் சலிக்காமல் செய்யும். இங்கேதான் நல்ல அமைப்பு உண்மையாகவே காசைக் காப்பாற்றுகிறது.

ஆனால் மெதுவாக விற்கும் ஒரு சரக்கு 25-க்கு இறங்கினால் ஆர்டர் போட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் 40 இருக்கிறது, அலமாரியில் ஒன்றும் இல்லை. மனிதர் காலி அலமாரியைப் பார்த்தால் ஆர்டர் போடுவார். மென்பொருள் 40 இருப்பதாக நம்பிக்கொண்டு சும்மா இருக்கும். சரக்கு இல்லாததால் விற்பனையும் இல்லை. விற்பனை இல்லாததால் மாதக் கடைசி அறிக்கை அதை “நகராத சரக்கு” என்று குறிக்கும். நீங்களும் அதைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுவீர்கள். நன்றாக விற்கக்கூடிய பொருள் ஒன்று இப்படி ஓசையில்லாமல் செத்துப்போகும், அறிக்கை எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும்.

எனவே வருடத்துக்கு ஒருமுறை கடையை மூடி மொத்தமாக எண்ணுவதை விட்டுவிட்டு, தினம் கொஞ்சம் எண்ணுங்கள். உங்கள் விற்பனையில் பெரும்பங்கைத் தருவது அநேகமாக ஐந்தில் ஒரு பங்கு சரக்குதான். அவற்றை மாதம் ஒரு முறையாவது, மற்றவற்றை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, கடைசி வரிசையை வருடத்துக்கு ஒரு முறை. எண்ணிக்கை ஒத்துப்போகாவிட்டால் திருத்துவதோடு நிற்காமல் ஏன் போனது என்று கேளுங்கள். திருட்டு என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் பெட்டி-எண்ணிக்கைக் குழப்பம், தாமதமாக ஏறிய சீட்டு, திரும்பி வந்து எழுதப்படாத சரக்கு, இவைதான் இருக்கும்.

உங்கள் முன் உள்ள மூன்று வழிகள்

முதல் வழி, இருப்பதை ஒழுங்குபடுத்துவது. பட்டியலைச் சுத்தம் செய்து, ஒவ்வொரு சரக்குக்கும் ஒரே குறியீடு, ஒரே அளவு வைத்து, குடோனிலேயே சரக்கு இறங்கியவுடன் பதிய ஏற்பாடு செய்தால், உங்களிடம் இருக்கும் அந்தப் பழைய மென்பொருளே பாதி வேலையைச் செய்யும். இதற்கு உழைப்பு அதிகம், காசு குறைவு. எக்செல்லோடு மட்டும் நின்றுவிடலாமா என்றால், கூடாது. 2020-ல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்செல் கோப்பு வடிவத்தில் ஏற்றியபோது, அந்த வடிவம் 65,536 வரிசைகளுக்கு மேல் தாங்காது என்பதால் 15,841 நோயாளிகளின் விவரம் விடுபட்டுப் போனது. எக்செல் கணக்குப் போட்டுப் பார்க்க அருமையான கருவி. பலர் ஒரே நேரத்தில் எழுதும் பதிவேடாக வைத்தால், பிழை விழுந்ததுகூட நமக்குத் தெரியாது.

இரண்டாவது, கொள்முதல், ஸ்டாக், பில், கணக்கு நான்கையும் இணைக்கும் தயார்நிலை மென்பொருளை மாத வாடகைக்கு எடுப்பது. கூடவே குடோனுக்கு இரண்டு பார்கோடு ஸ்கேனர்கள். சரக்கு இறங்கும்போதும் ஏறும்போதும் ஒரு பீப், அவ்வளவுதான், சாயங்காலச் சீட்டுக்கு வேலை இல்லை. பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம் என்பது இதன் பெரிய நன்மை. மென்பொருள் சொல்கிறபடி உங்கள் முறையை ஓரளவு வளைக்க வேண்டியிருக்கும் என்பது குறை. உங்கள் தொழிலில் அப்படி வளைக்க முடியாதது ஒன்றும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, அவர்கள் விற்க வந்திருக்கும் முழு ஈஆர்பி. பல கிளை நிறுவனங்கள், சொந்த உற்பத்தி, பல நாட்டு நாணயம் என்று விரிந்தவர்களுக்கு அது தேவை. 38 பேர் உள்ள உங்களுக்கு இன்றைக்கு அது அதிகம். பெரிய நிறுவனங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. அமெரிக்காவின் ஹெர்ஷே சாக்லேட் நிறுவனம் 1999 ஜூலையில், நெருக்கப்பட்ட கால அட்டவணையில் புதிய அமைப்புக்கு மாறியது. அவர்களுக்கு ஹாலோவீன் மிட்டாய் சீசன் கண் முன்னே இருந்தது. குடோனில் சரக்கு இருந்தும் சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அனுப்ப முடியாமல் போனது. ஜெர்மனியின் லிடில் சூப்பர்மார்க்கெட் நிறுவனம் ஏழு ஆண்டு முயன்ற ஒரு திட்டத்தை 2018-ல் கைவிட்டது, பத்திரிகைகள் அதன் செலவை 50 கோடி யூரோ என்று எழுதின. சரக்கின் மதிப்பை வாங்கும் விலையில் வைப்பதா, விற்கும் விலையில் வைப்பதா என்பதில் நிறுவனத்தின் பழக்கமும் மென்பொருளின் முறையும் ஒத்துப்போகாதது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

என் ஆலோசனை: முதல் வழியில் மூன்று மாதம், பிறகு இரண்டாவது. மூன்றாவதைப் பற்றி இரண்டு வருடம் கழித்துப் பேசலாம். எதற்கு மாறினாலும் உங்கள் தொழிலின் நெரிசலான மாதங்களில் மாறாதீர்கள்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

எப்போது ஒப்பந்தம் போட்டாலும் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் ஒரு வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அவர் ஒப்பந்தத்தைப் பார்ப்பார், தொழில் நோக்கில் நீங்கள் பார்க்க வேண்டியவை இவை:

தரவு யாருடையது: உங்கள் வாடிக்கையாளர், விலை, விற்பனை விவரங்கள் உங்களுடையவை என்று எழுத்தில் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், பிரிந்து போகும்போது எந்த வடிவத்தில், எத்தனை நாளுக்குள், என்ன கட்டணத்தில் திருப்பித் தருவார்கள் என்பது. நூற்றுக்கணக்கான பக்கங்களை அச்சிட்டுத் தருவதும் “திருப்பித் தந்தது” ஆகிவிடும், ஜாக்கிரதை.

பணம் எப்போது: முழுத் தொகையையும் முன்பே கொடுக்காதீர்கள். நிறுவியதற்கு ஒரு பங்கு, உங்கள் சொந்தச் சரக்கை வைத்துச் சோதித்துத் திருப்தியானதும் ஒரு பங்கு, ஒரு முழு மாதக் கணக்கு பிசகாமல் முடிந்ததும் மீதி.

விலைக்குள் வராதவை: பழைய தரவை ஏற்றுவது, பயிற்சி, மாற்றம் கேட்டால் கட்டணம், வருடாந்திரப் பராமரிப்பு. உரிமக் கட்டணம் மட்டும்தான் கண்ணில் படும், மொத்தச் செலவு பெரும்பாலும் இவற்றில்தான் வீங்கும். அவர்கள் உங்களுக்குத் தந்த விலைப்புள்ளியில் இந்த நான்கில் பயிற்சி மட்டும்தான் இருக்கிறது.

நின்று போனால்: காப்புப் பிரதி எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது அதிலிருந்து மீட்டுப் பார்த்தார்கள்? மீட்டுப் பார்க்காத பிரதியை நம்பக் கூடாது. 2017-ல் நாட்பெட்யா என்ற தீநிரல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணினிகளை முடக்கியபோது, அவர்கள் வலையமைப்பின் மைய விவரங்கள் தப்பித்தது கானா அலுவலகத்தில் மட்டும். அங்கே அந்த நேரத்தில் மின்சாரம் போயிருந்ததால் அந்தக் கணினி இணைப்பில் இல்லை. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே கரண்ட் போனதுதான் கைகொடுத்தது.

டெமோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்கள் கொண்டுவரும் மாதிரிச் சரக்கில் எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடும். நீங்கள் போன மாதப் பில்களில் சிக்கலானவை இருபதை எடுத்துக் கொடுங்கள்: பாதி மட்டும் அனுப்பிய ஆர்டர், திரும்பி வந்த சரக்கு, பில்லுக்குப் பிறகு விலை மாறியது, ஒரு குடோனிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியது. உங்கள் கண் முன்னால் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

ஆறு பேரைக் குறைக்கலாம் என்ற பேச்சு

இதை நம்பித் திட்டம் போடாதீர்கள், ஊழியர்கள் காதில் விழவும் விடாதீர்கள். மாற்றம் நடக்கும் முதல் சில மாதங்களில் வேலை கூடத்தான் செய்யும், பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும். லெட்ஜர் எழுதும் நேரம் குறையும், பிழை பார்க்கும் நேரம் கூடும். பலன் பெரும்பாலும் வேறு விதமாக வரும்: விற்பனை வளரும்போது அதே விகிதத்தில் ஆள் சேர்க்கத் தேவை இருக்காது. வேலை போய்விடும் என்று பயந்தவர் தனக்குத் தெரிந்ததை மென்பொருளில் போடவே மாட்டார்.

பெரியவர் விஷயத்தில் உங்கள் அணுகுமுறை மாற வேண்டும். அவரைக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைக்காதீர்கள். ஒரு இளம் ஊழியரை அவருக்குத் துணையாகக் கொடுங்கள். பட்டியல் சுத்தம் செய்யும் வேலைக்கு அவரே தலைவர் என்று எல்லோருக்கும் தெரியும்படி சொல்லுங்கள். அலமாரி அலமாரியாக அவர் சொல்லச் சொல்ல இளைஞர் பதியட்டும். இந்தப் பேரிங் அந்த பம்ப்புக்குப் பொருந்தும், இது இல்லாவிட்டால் அதைக் கொடுக்கலாம் என்று அவர் சொல்லும் மாற்றுச் சரக்கு விவரத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். எந்த மென்பொருளிலும் அது தயாராக வராது, உங்கள் போட்டியாளரிடமும் இருக்காது. அவருக்குத் தெரிந்ததற்கு மதிப்பாகச் சம்பளத்தில் ஏதாவது கூட்டுவது நியாயம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விற்பனைப் பிரதிநிதிகளின் போனில் இருப்பிடம் காட்டும் செயலி போடலாம் என்று மென்பொருள்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். செய்யலாமா என்பதை உங்கள் நாட்டுச் சட்டம் தீர்மானிக்கும். எதற்காக, எந்த நேரத்தில், யார் பார்ப்பார்கள் என்று முன்கூட்டி எழுத்தில் சொல்லாமல் செய்ய வேண்டாம். வேலை நேரத்துக்கு வெளியே அது ஓடவே கூடாது. உங்கள் பிரச்சினை சரக்கிலும் பாக்கியிலும் இருக்கிறது, அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதில் இல்லை. ஆகவே இது வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

அண்ணனிடம் என்ன பேசுவது

அவர் கேட்டது நல்ல கேள்வி. 30 வருடம் ஓட்டினார்கள், உண்மை. அன்று எத்தனை வகைச் சரக்கு இருந்தது, ஒரே குடோனா, அப்பாவே நின்று பார்த்தாரா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். வாதம் வேண்டாம், நான்கு வாரத்துக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். இருக்கிறது என்று சொல்லி இல்லாமல் போன ஆர்டர்கள், அவசரத்துக்கு வெளியில் கூடுதல் விலைக்கு வாங்கியவை, தவறான சரக்கு போய்த் திரும்பியவை, ஒரு வருடமாக அசையாத சரக்கின் மதிப்பு, ஒவ்வொரு பில்லுக்கும் பணம் வர ஆன நாட்கள். ஐந்து பத்திகள் போதும்.

கணக்குப் போடும்போது ஒரு தவறைத் தவிர்த்துவிடுங்கள், உங்கள் கடிதத்திலேயே அது இருக்கிறது. சரக்கு இருப்பைக் குறைத்தால் அந்தத் தொகை முழுவதும் லாபம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஒருமுறை கைக்கு வரும் ரொக்கம். வருடா வருடம் மிச்சமாவது அந்தச் சரக்கைச் சுமந்த செலவு மட்டும்: முடங்கிய பணத்துக்கு வட்டி, இடம், காப்பீடு, கெட்டுப்போவது, பழசாகிப்போவது. அதைச் சரக்கு மதிப்பில் வருடத்துக்கு 20 முதல் 30 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம். பாக்கியும் இப்படித்தான். சராசரியாக 60 நாளில் வருகிற பணம் 45 நாளில் வந்தால், 15 நாள் விற்பனைக்குச் சமமான தொகை ஒருமுறை விடுபடும், பிறகு அதன் வட்டிதான் ஆண்டுதோறும் மிச்சம். நோட்டுப் புத்தகத்தை விட்டு, யார் எத்தனை நாளாகத் தரவில்லை என்று காலையில் தானாக வரும் பட்டியல் ஒன்று இருந்தாலே வசூல் மாறும். முதல் பலனை இங்கேதான் எதிர்பார்க்கிறேன், ஸ்டாக்கில் கூட இல்லை.

அந்த எண்களை வைத்துக்கொண்டு பேசினால் அண்ணன் மறுக்கலாம், ஏற்கலாம். எண்கள் சின்னதாக வந்தால் அவர் சொன்னதுதான் சரி என்று நீங்கள் ஒத்துக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும்.

இனி உங்கள் பின்குறிப்பு. அண்ணன் மகன் புரோகிராமிங் படித்திருப்பதால் முழு மென்பொருளையும் தானே எழுதித் தருவதாகச் சொல்கிறார், விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பில், வரி, கணக்கு, ஸ்டாக் எல்லாவற்றையும் சேர்த்து ஒருவர் எழுதுவது வேண்டாம். வரி விதி மாறும்போதெல்லாம் அவர் கையைப் பார்க்க வேண்டியிருக்கும். அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தால் மறுபடி ஒருவரின் தலைக்குள் இருக்கும் அமைப்பாகிவிடும், இந்த முறை பெரியவரின் தலைக்குப் பதில் பையனின் தலை. ஆனால் அவருக்குச் சரியான வேலை ஒன்று இருக்கிறது. அந்த 9,000 வரிப் பட்டியலைக் கொடுத்து, ஒன்றுபோல் தோன்றும் பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்து காட்டும் சிறு புரோகிராம் ஒன்றை எழுதச் சொல்லுங்கள். எது ஒன்று, எது வேறு என்று பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லட்டும். 6205-லிருந்தே ஆரம்பிக்கலாம்.